மலையில் மனை: நீலகிரி முதலீட்டாளர்களின் கேள்வியும் பதிலும்

கோடை சீசன் முடிந்ததும் இந்தப் பகுதிக்கு நீலகிரியைப் பற்றிய கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நாலு நாள் போய் வந்தவர்கள், அங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். சமவெளியில் நாலைந்து மனை வாங்கி விற்றவர்கள்கூட மலையில் ஏமாறும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தொடுகிற கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைச் சரிவில் 10 சென்ட் காட்டினார்கள். சென்ட் 4 லட்சம். தரகர் எங்கள் கண் முன்னால் டேப் பிடித்து 66-க்கு 66 அடி என்று அளந்து காட்டினார். பட்டா இருக்கிறது, ஈசி எனும் வில்லங்கச் சான்றிலும் வில்லங்கம் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?
(வாசகர், சூலூர்)

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த டேப்பைப் பற்றிப் பேச வேண்டும். நில அளவைத் துறையின் புலப்படத்திலும் பட்டாவிலும் உள்ள பரப்பு கிடைமட்டப் பரப்பு. மேலிருந்து பார்த்தால் நிலம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அந்தக் கணக்கு அது. தரகர் டேப்பைச் சரிவின்மேல் படுக்கவைத்து அளந்திருக்கிறார். சரிவு 30 டிகிரி என்றால், சரிவோடு அளந்த 66 அடி கிடைமட்டத்தில் 57 அடிதான். பரப்பு 10 சென்ட் இல்லை, ஏறக்குறைய 8.66 சென்ட். சென்ட் 4 லட்சம் என்றால் இந்த ஒரு வித்தியாசத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது.

நீங்களே சரிபார்க்கலாம். டேப்பின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். மறுமுனையை ரசமட்டம் வைத்து மட்டமாகப் பிடித்து, அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடும் இடத்தில் முளை அடியுங்கள். அந்த முளையிலிருந்து அடுத்த அளவு. ஆறேழு அடியாகப் படிப்படியாக இறங்கி வந்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். பிறகு சர்வேயரைக் கொண்டு புலப்படத்தோடு ஒப்பிட்டுக் கல் நடச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் எல்லைக்கல் மண்ணுக்குள் போயிருக்கும். ‘இந்தச் சில்வர் ஓக் மரம் வரைக்கும்’ என்று கை காட்டுவது எல்லை ஆகாது.

அடுத்து, இந்த 10 சென்ட்டில் வீடு உட்காரும் இடம் எவ்வளவு? 30 டிகிரி சரிவில் 20 அடி அகலத்துக்குச் சமதளம் வேண்டுமென்றால், முழுவதும் மலைப் பக்கம் வெட்டினால் பின்னால் 11½ அடி உயரத்துக்கு மண் சுவர் நிற்கும். பாதி வெட்டி பாதி நிரப்பினால் பின்னால் 6 அடி வெட்டு, முன்னால் 6 அடி நிரப்பு. இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர் கட்டியாக வேண்டும். நிரப்பு மண்ணின்மேல் அஸ்திவாரம் போட்டால் இரண்டு மழைக்காலத்துக்குள் தரை விரிசல் விட்டுவிடும். அஸ்திவாரம் வெட்டு மண்ணில்தான் உட்கார வேண்டும். 10 சென்ட் என்று வாங்கியதில் வீட்டுக்கு மூன்று சென்ட்தான் தேறும் என்ற நிலை இங்கே சாதாரணம். வெட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. பொக்லைன் வைத்து வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் வெட்டினால் வண்டியும் பறிமுதலாகும், வழக்கும் வரும்.

இனி ஆவணங்கள். மலையில் பட்டாவும் ஈசியும் போதாது. அந்த இரண்டையும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவதுதான் சமவெளிக்காரர்கள் செய்யும் முதல் தவறு. இந்த வரிசையில் பாருங்கள்:

முதலில் அ-பதிவேடு, அதாவது கிராம வருவாய்க் கணக்கில் உள்ள நிலப் பதிவேடு. நிலம் அரசுடையதா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), குறிப்புக் கலத்தில் நிபந்தனை ஏதும் எழுதியிருக்கிறதா என்று தெரியும். பழங்குடியினருக்கும் ஆதிதிராவிடருக்கும் நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட நிலங்கள் மலையில் ஏராளம். அவற்றை மற்றவர் வாங்கினால் பத்திரம் கையில் இருந்தும் நிலம் கையில் நிற்காது. நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் என்றால், அதற்கான குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. நிலம் பார்ப்பதற்குத் தேயிலையாக இருக்கும், பட்டாவும் தனியார் பெயரில் இருக்கும். ஆனால் அந்தப் புல எண் பட்டியலில் இருக்கும். ஈசியில் இது தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆட்சியர் அலுவலகத்திலும் வனக் கோட்ட அலுவலகத்திலும் புல எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, மலையிடப் பாதுகாப்புக் குழுமம். ஊரில் எல்லோரும் ‘ஹாகா’ என்பது இதைத்தான். 1990-இல் அமைத்தார்கள். தேயிலை நிலத்தை வீட்டுமனையாக மாற்ற வேண்டுமென்றால் வருவாய்த் துறை, வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் சேர்ந்து நகர் ஊரமைப்புத் துறை வழியாகக் குழுமத்துக்குப் போக வேண்டும். இது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை. ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால், அந்த ‘அப்புறம்’ முழுவதும் உங்கள் செலவு, உங்கள் காத்திருப்பு. ஒப்பந்தத்தில் ‘வீட்டுமனை அனுமதி கிடைத்த பிறகே கிரயம், கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக வழி. எஸ்டேட் சாலையில் காரில் போய் இறங்கியிருப்பீர்கள். அந்தச் சாலை யாருடையது? தனியார் எஸ்டேட் சாலை என்றால் நாளைக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டிவிடலாம். கிரயப் பத்திரத்தில் வழிப்பாதை எந்தப் புல எண் வழியாக, எத்தனை அடி அகலம், வண்டி போகவா நடக்க மட்டுமா என்று வரைபடத்தோடு இருக்க வேண்டும். ‘வழக்கமான வழிநடைப் பாதை’ என்ற ஒற்றை வரியை நம்பிச் செங்கல் லாரியைக் கொண்டுபோக முடியாது.

கேள்வி: 2014-இல் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 5 சென்ட் கிரயம் வாங்கினேன். இப்போது விற்க முடியுமா? வீடு கட்ட முடியுமா?
(வாசகி, மேட்டுப்பாளையம்)

இரண்டுக்கும் பதில் வேறு வேறு. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவைத் தடுக்கிறது. ஆனால் 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையின் மறுவிற்பனைக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் 2014 பத்திரத்தில் ‘வீட்டுமனை’ என்று எழுதியிருக்கிறதா, ‘புன்செய் நிலம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுமனை என்று இருந்தால் விற்கலாம்.

வீடு கட்ட அது போதாது. மனை வரன்முறை ஆக வேண்டும், அதாவது அங்கீகாரம் இல்லாத மனை அரசு விதிகளின்படி முறைப்படுத்தப்பட வேண்டும். 2017-இல் வந்த வரன்முறை விதிகளோடு நிற்காமல், மலைப்பகுதிக்கென்று 2020-இல் தனி விதிகள் வந்தன. உங்கள் மனை எந்த விதியில் வருகிறது, விண்ணப்பக் காலம் இப்போது திறந்திருக்கிறதா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்ட பிறகே விலை பேசுங்கள். வரன்முறை ஆகாத மனையை வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், அதனால் ரொக்கக்காரர் மட்டுமே வருவார், விலையை அடித்துக் கேட்பார். வரன்முறைச் செலவைச் செய்துவிட்டு விற்பதே பெரும்பாலும் லாபம்.

கேள்வி: கூடலூர் பக்கம் ஒரு ஏக்கர் மிக மலிவாக வருகிறது. பட்டா இல்லை. 30 வருட அனுபவம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இருக்கிறது என்கிறார்கள்.
(வாசகர், ஈரோடு)

வேண்டாம். கூடலூர், பந்தலூர் பகுதி நிலங்கள் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமை நிலங்களாக இருந்தவை. 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமைப் பிரச்சினை பல பத்தாண்டுகளாகப் பல நீதிமன்றங்கள் ஏறி இறங்கியது. ஊரில் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அங்கே பரம்பரையாக வாழும் குடும்பங்களின் குடியிருப்பு உரிமை நியாயமான கோரிக்கை. ஆனால் வெளியூர் முதலீட்டாளருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அனுபவப் பாத்தியத்தை வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் கையில் இருப்பது வெள்ளைத் தாள் மட்டும்தான்.

மசினகுடி பக்கம் மனை பார்க்கும் வாசகர்களுக்கும் இதே இடத்தில் ஒரு சொல். சீகூர் பீடபூமி யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் 14.10.2020 அன்று வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. புல எண் வழித்தடத்துக்குள் வருகிறதா என்று பார்க்காமல் அந்தப் பக்கம் ஒரு சென்ட்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: குன்னூரில் பழைய வீடு வாங்கப் போகிறோம். மேலே ஒரு மாடி போட்டு ஹோம் ஸ்டே நடத்தினால் கடனை அடைத்துவிடலாம் என்று மகன் சொல்கிறான். சரியா?
(வாசகர், திருப்பூர்)

மகனுடைய கணக்கு மூன்று இடங்களில் இடிக்கும்.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. சாய்கூரையோடு சேர்த்துத் தரைத்தளம், முதல் தளம் என்று இரண்டு வந்தால் கணக்கு முடிந்தது. வாங்கப் போகும் வீடு சாலையிலிருந்து இரண்டு தளமாகத் தெரிந்து, பின்பக்கம் பள்ளத்தில் இன்னும் ஒரு தளம் இறங்கியிருக்கிறதா என்று கீழே போய் நின்று பாருங்கள். அப்படி இருந்தால் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம், இடிப்பு நோட்டீஸுக்குக் கொடுக்கும் பணம். மாடி எழுப்புவதற்கு மலை நகரங்களின் கட்டட விதிகள்படி கட்டடக்கலை மற்றும் அழகியல் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். பழைய வீடு கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது என்றால், அதன் சுவர் மேல்தளத்தைத் தாங்குமா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொன்ன பிறகே பேச்சு.

அடுத்தது ஹோம் ஸ்டே. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஓரிரு அறையை விருந்தினருக்குத் தருவதற்குத்தான் அந்தப் பெயர். திருப்பூரில் இருந்துகொண்டு வீடு முழுவதையும் நாள் வாடகைக்கு விட்டால் அது தங்கும் விடுதி. குடியிருப்பு அனுமதி பெற்ற கட்டடத்தை விடுதியாக நடத்துவது அனுமதி மீறல். இப்படி நடத்திய காட்டேஜ்கள் மாவட்டத்தில் சீல் வைக்கப்பட்டிருக்கின்றன. முறைப்படி நடத்துவதானால் சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி உரிமம், சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களின் தாக்கல், இவ்வளவும் வேண்டும்.

மூன்றாவது, ஆள் வரத்து. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 7.5.2024 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. சீசன் வார இறுதியின் வாடகையை வைத்து வருடம் முழுவதற்கும் பெருக்குவது பெரிய பிழை. ஜூலை, ஆகஸ்ட் மழையில் அறைகள் காலியாகத்தான் கிடக்கும். பூஞ்சை மட்டும் குடியிருக்கும். கடன் தவணையை மாத வாடகையை நம்பி அமைத்துக்கொள்ளுங்கள். ஹோம் ஸ்டே வருமானம் வந்தால் அது மேல் வரவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊட்டியில் எங்கள் வீட்டின் பின்னால் உள்ள 7 அடித் தடுப்புச் சுவர் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கொத்தனார் சிமென்ட் பூசினால் போதும் என்கிறார்.
(வாசகி, ஊட்டி)

பூசாதீர்கள், அம்மா. பூசினால் நிலைமை மோசமாகும். சுவர் புடைப்பது மண்ணால் மட்டும் அல்ல, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீரால். இரண்டு மீட்டர் உயரச் சுவரை, காய்ந்த மண் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 1.2 டன் விசையோடு தள்ளும். அதே மண் முழுக்கத் தண்ணீரில் ஊறி நின்றால் தள்ளும் விசை 2.6 டன் ஆகிவிடும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் சுவர் காய்ந்த மண்ணுக்காகக் கட்டப்பட்டது. கற்களின் இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது கசிந்துகொண்டிருந்த தண்ணீரையும் பூச்சு அடைத்துவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை: சுவருக்கு மேலே மழைநீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவருக்குப் பின்னால் விழுகிறதா, மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் காரணம் அந்தக் குழிதான். வெடிப்பின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது. தூக்குக்குண்டு விட்டு, உச்சிக்கும் புடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். அளவு கூடினால், மழை விடும்வரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

மழை விட்ட பிறகு சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் முழு நீளத்தையும் பிரித்தால் பின்னால் நிற்கும் மண் ஆள்மேல் வந்துவிடும். 2024 பிப்ரவரியில் லவ்டேல் காந்தி நகரில் கட்டுமான வேலையின்போது பழைய கட்டடமும் மண்ணும் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆறேழு அடி நீளமாக எடுத்து, முட்டுக்கொடுத்து, கட்டி முடித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

7 அடிக் கருங்கல் சுவருக்கு அடிப்பாகம் நாலு அடி அகலமாவது வேண்டும். உச்சியில் ஒன்றரை அடி போதும். சுவருக்குப் பின்னால் கீழிருந்து மேல்வரை ஓர் அடி கனத்துக்கு 40 மில்லி ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் சேறு புகுந்து ஜல்லியே அடைத்துக்கொள்ளும். மூன்று அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வைத்து, ஐந்து அடிக்கு ஒன்று, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும்படி. மழை நாளில் அந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்ட வேண்டும். மழை பெய்தும் சொட்டவில்லை என்றால் அடைப்பு என்று பொருள். 10 அடிக்கு மேலான சுவரைக் கொத்தனார் அனுபவத்தில் கட்டவே கூடாது, பொறியாளர் வரைபடம் வேண்டும்.

வீடு வாங்கப் போகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால்: 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகம் வகைப்படுத்தியிருக்கிறது. பார்க்கும் வீடு அந்தப் பட்டியலில் உள்ள இடத்தில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டை மே மாதத்தில் பார்க்காமல் நவம்பரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரியின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். கூடலூர், அவலாஞ்சி பக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டும், அவலாஞ்சியில் 8.8.2019 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது.

கேள்வி: கோவையில் கட்டும் அதே சதுர அடி விலைக்கு ஒருவர் குன்னூரில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

லாரி மனை வாசல் வரை வருமா என்பதைப் பொறுத்தது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு உத்தேசமாக 400 மூட்டை சிமென்ட், நாலு டன் கம்பி, 1,800 கன அடி எம்-சாண்ட், 1,350 கன அடி ஜல்லி ஆகும். எம்-சாண்ட் மட்டும் 80 டன்னுக்கு மேல். சாலையிலிருந்து 60 படி இறங்கி மனை என்றால், தலைக்கு 25 கிலோ வீதம் அந்த மணலுக்கே 3,200 நடை. ஜல்லி, கல், சிமென்ட், தண்ணீர் எல்லாம் இதற்கு மேல். ஒப்பந்தத்தில் ‘ஏற்று இறக்கு, தலைச்சுமை உட்பட’ என்று இல்லாவிட்டால் பாதி வேலையில் கான்ட்ராக்டர் இந்தக் கணக்கைத்தான் கையில் எடுப்பார். தடுப்புச் சுவர், மண் வெட்டு, வெட்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும் கூலி ஆகிய மூன்றும் சதுர அடி விலைக்குள் வராது என்று வைத்துக்கொண்டு தனித்தனியாக விலை கேளுங்கள். மழைக்காலத்தில் கான்கிரீட் வேலை நிற்கும். ஆறு மாதம் என்று சொன்னால் பத்து மாதம் என்று நினைத்து வாடகையும் வட்டியும் கணக்கிடுங்கள்.

கேள்வி: குன்னூரில் 60 லட்சத்துக்கு மறுவிற்பனை ஃபிளாட். மாதம் 16,000 வாடகை வருகிறது. நல்ல முதலீடா?
(வாசகி, சென்னை)

காகிதத்தில் 3.2 சதவீதம். உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 5.4 லட்சம், போட்ட பணம் 65.4 லட்சம். வருட வாடகை 1,92,000. ஒரு மாதம் காலி என்றால் 1,76,000. பராமரிப்பு மாதம் 2,500 வீதம் 30,000, சொத்து வரி 4,000, ஈரம் ஏறிய சுவருக்கும் பெயின்ட்டுக்கும் 20,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் தரகு வருடத்துக்கு 8,000. மிச்சம் 1,14,000. அதாவது 1.75 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

வாடகைக்காக என்று வாங்கினால் இது நல்ல முதலீடு இல்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மிச்சமெல்லாம். அந்த ஏற்றத்திலும், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 23.7.2024-க்கு முன் வாங்கிய சொத்துக்கு மட்டும்தான் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற மாற்று வழி உண்டு.

அப்படியும் வாங்குவதென்றால் இரண்டு விஷயம். ஒன்று, பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். 7 மீட்டர் வரம்பால் அடுக்குகள் குறைவு, அதனால் மலை ஃபிளாட்டில் மனைப் பங்கு நகரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அனுமதிக்கு மேல் வீடுகள் கட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் மனைக்கு மேலோ உள்ள புதிய திட்டம் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம். இரண்டு, காட்சிக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். குன்னூரில் வருடம் முழுவதும் வாடகை கொடுப்பவர்கள் வெலிங்டன் ராணுவ முகாம், அருவங்காடு தொழிற்சாலை, பள்ளிகள், மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள். அவர்கள் கேட்பது பஸ் வழித்தடம், தண்ணீர், துணி காயும் வெயில். காலை வெயில் அறைக்குள் விழும் வீட்டில் பூஞ்சை குறையும். பள்ளத்தாக்கைப் பார்த்து வடக்கு நோக்கி நிற்கும் அழகான வீட்டில் அலமாரிச் செருப்பு பச்சையாகிவிடும்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். கோத்தகிரியில் 2 ஏக்கர் தேயிலைத் தோட்டம் வாங்க வேண்டும். அப்பா பெயரில் வாங்கலாமா?
(வாசகர், துபாய்)

அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பணத்தில் அப்பா பெயருக்கு வாங்கி ‘உண்மையில் என்னுடையது’ என்று வைத்துக்கொள்வது பினாமிச் சட்டத்தில் சிக்கும். அந்தச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு உள்ள விலக்கு, பெற்றோர் பெயரில் வாங்கும்போது நீங்களும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் கிடைக்கும். தோட்டத்தில் நீங்கள் கூட்டு உரிமையாளராக முடியாது. நேரான வழி ஒன்றுதான்: பணத்தை அப்பாவுக்கு முழு மனதோடு தானமாகக் கொடுங்கள், அவர் தன் சொத்தாக வாங்கட்டும். அதன்பின் அது அவர் சொத்து. உயில் எழுதாவிட்டால் உங்கள் உடன்பிறந்தோருக்கும் பங்கு உண்டு.

பெரிய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்பதில் வாங்குகிறீர்களா என்றும் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் உள்ள விலக்கு, தோட்டமாக இருக்கும்வரைதான். துண்டு போட்டு மனையாக்கினால் விலக்கும் போகும், வாங்கியவர் பத்திரத்துக்கும் சிக்கல் வரும்.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டில் நகராட்சிக் குழாய் இருக்கிறது. தண்ணீருக்கு வேறு ஏற்பாடு தேவையா?
(வாசகர், திருச்சி)

தேவை. குழாய் இருப்பது வேறு, அதில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது வேறு. பக்கத்து மூன்று வீடுகளில், மார்ச், ஏப்ரலில் எத்தனை நாள் இடைவெளி என்று கேளுங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் வீதம், 10 நாள் இடைவெளி என்றால் 4,000 லிட்டர் சேமிப்பு குறைந்தபட்சம். ஆழ்துளைக் கிணறு ஆட்சியர் அனுமதி இல்லாமல் போட முடியாது. ‘பின்னால் போட்டுக்கொள்ளலாம்’ என்பதை நம்பி வாங்காதீர்கள்.

கூரை மழைநீர் மலையில் நல்ல துணை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் விழும், 740 லிட்டர் தொட்டிக்கு வரும். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஆனால் 10,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் 10 டன். அதை நிரப்பு மண்ணின் விளிம்பில் வைத்தால் வீடு கட்டும்போது செலவழித்த தடுப்புச் சுவரைத் தொட்டியே தள்ளிவிடும். வெட்டுப் பக்கம் வையுங்கள். நிரம்பி வழியும் குழாயைக் கால்வாய் வரை கொண்டுபோய் விடுங்கள்.

கேள்வி: வருடத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். காவலுக்கு ஒரு குடும்பத்தைப் பின்கட்டில் வைக்கலாமா?
(வாசகி, மதுரை)

வைக்கலாம், எழுத்தில் வையுங்கள். அவர் வேலைக்காரர், தங்கும் இடம் வேலையின் பகுதி, வேலை முடிந்தால் இடமும் முடிந்தது என்று நியமனக் கடிதம், சம்பளம் வங்கி வழியாக. மின் இணைப்பும் வீட்டு வரியும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். வாடகைக்கே விடுவதானால் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

காவல் குடும்பத்துக்கு வேலைப் பட்டியல் கொடுங்கள்: வெயில் அடிக்கும் நாளில் எல்லா ஜன்னலையும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது, அலமாரிகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துவது, மழைக்கு முன் கூரை வாய்க்காலில் இலை வாருவது, தொட்டி வால்வை மூடி வைப்பது. சமையலறையில் எண்ணெயும் நெய்யும் அரிசியும் விட்டுப் போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்குத்தான் கதவை உடைக்கிறது. எண்ணெய் டப்பாவைத் துடைத்துக் கழுவி, கையோடு மதுரைக்கே எடுத்துப் போய்விடுங்கள்.